ஹோமுக்குக் கிளம்புமுன் படிவம் 28-ஐக் கேளுங்கள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் டொரான்டோ, லண்டன், கோலாலம்பூர், சிங்கப்பூர் தமிழ்ச் சபைகளிலிருந்து வாலிபர் குழுக்கள் தமிழ்நாட்டுச் சிறுவர் இல்லங்களைத் தேடி வருகின்றன. பெட்டி நிறையப் புதுத்துணி, பென்சில் பாக்ஸ், சாக்லேட். சபையில் பிரித்த காணிக்கை தனிக் கவரில். எந்த ஹோம் என்று கேட்டால் "எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்ச ஹோம்" என்பார்கள். பதிவுச் சான்றிதழைப் பார்த்தீர்களா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். ஊழியத்தைச் சந்தேகப்படலாமா என்று திருப்பிக் கேட்பார்கள். சந்தேகப்படத்தான் வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் பார்க்காமல் நம்புவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் சிதைந்து கிடந்தபோது நடந்தது இது. அமெரிக்காவிலிருந்து போன பாப்டிஸ்ட் சபைக் குழுவினர் 10 பேர், 33 குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றி டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். ஜனவரி 29 அன்று எல்லையில் மாட்டிக்கொண்டார்கள். குழந்தைகளை நாட்டை விட்டு அழைத்துச் செல்ல முறையான அனுமதி அவர்களிடம் இல்லை. விசாரித்ததில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். படிக்க வைப்பார்கள் என்று நம்பிப் பெற்றவர்களே கையில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். பத்துப் பேர் மீதும் கடத்தல் வழக்கு பாய்ந்தது, சிறைக்கும் போனார்கள். நல்லெண்ணத்தோடுதான் வந்தோம் என்று அவர்கள் சொன்னது எல்லையில் எடுபடவில்லை.

ஹெய்ட்டி எங்கோ இருக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ இருக்கிறார்கள் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது. வறுமைதான் பிள்ளையை ஹோமுக்கு அனுப்புகிறது. வெளிநாட்டுப் பணம் எங்கே வருகிறதோ அங்கே பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்குக் காட்டவும் ஆட்கள் கிளம்புகிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது வியாபாரமாகவே நடந்தது. நீங்கள் வந்து இறங்கிய பத்தாவது நிமிடம் ஒரு நான்கு வயதுக் குழந்தை மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறதே, அது உங்கள் அன்பின் வெற்றி அல்ல. யார் வந்தாலும் அப்படிச் செய்யும் அளவுக்கு எத்தனையோ பேர் வந்து வந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? டிக்கெட் போடுவதற்கு முன்பே ஹோம் நடத்துபவரிடம் ஒரு தாளைக் கேளுங்கள்: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41-ன் கீழ் தரப்பட்ட பதிவுச் சான்றிதழ். விதிகளில் அதற்குப் படிவம் 28 என்று பெயர். விண்ணப்பத்துக்குப் படிவம் 27. "அப்ளை பண்ணியிருக்கோம்" என்று 27-ஐ நீட்டினால் ஏமாறாதீர்கள். டிரஸ்ட் பத்திரம், 80ஜி வரிவிலக்குச் சான்றிதழ், பஞ்சாயத்துத் தலைவரின் கடிதம் என்று ஒரு ஃபைலையே விரிப்பார்கள். அவற்றில் எதுவும் குழந்தைகளை வைத்துக்கொள்ளும் அனுமதி ஆகாது. படிவம் 28-ல் முகவரி அதே இடம்தானா, எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் பிரிவு 42-ன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

நகலை வாங்கியதோடு விடாதீர்கள். அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதிக் கேளுங்கள். இடம் தெரியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சொல்வார்கள். மூன்றே கேள்வி போதும்: இந்த இல்லம் பதிவு பெற்றதா, பதிவு நடப்பில் இருக்கிறதா, அங்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில்தான் சேர்க்கப்பட்டதா? ஒரு வரி பதில் போட அலுவலர்களுக்கு வாரக்கணக்கில் மனசு வராது. சோதனை நாளில் மட்டும் பதிவேட்டைப் புரட்டுகிற வழக்கம்தான் பதிவில்லாத இல்லங்களுக்கு இடம் கொடுத்தது. விடாமல் நினைவூட்டுங்கள். பதில் வராமல் கிளம்பாதீர்கள்.

அடுத்தது விசா. இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத தொண்டு ஒரு மாதம் வரை செய்யலாம். பிரசங்கம், சுவிசேஷ ஊழியம் கூடாது. அதற்கு மிஷனரி விசா வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு என்ன, எங்க ஊர்தானே" என்று வந்துவிடுகிறார்கள். 2021 மார்ச் அறிவிப்பின்படி மிஷனரி வேலைக்கு அவர்களும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பெறலாம்.

பணக் கவர்தான் பெரிய ஆபத்து. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர், ஓ.சி.ஐ.காரர் உட்பட, ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத இல்லம் அதை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் பணம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது இதில் வராது. சபையின் காணிக்கை கட்டாயம் வரும். எனவே கவரைக் கையில் கொடுக்காதீர்கள். பாஸ்டர் கையிலும் கொடுக்காதீர்கள்.

உதவ மனமிருந்தால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க என்ன வழி என்று அதே பாதுகாப்பு அலகில் கேளுங்கள். அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அப்படி வீட்டில் வளரும், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாத தாய்மார்களும் பிள்ளையை ஹோமில் விடுகிறார்கள். வருமானச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று சேர்த்துத் தர உள்ளூர் சபையில் ஒருவரை நியமித்தாலே பெரிய உதவி.

ஹோமில் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து முகம் தெரியப் பதிவிடாதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 தடுக்கிறது. தனியாக ஒரு பிள்ளையை வெளியே அழைத்துப் போகாதீர்கள். "நானே வளர்க்கிறேன்" என்று தூக்கிக்கொண்டு போவதும் குற்றம்.

அங்கே அடி, பட்டினி, பூட்டிய அறை என்று எதைக் கண்டாலும் 1098-க்குப் போன் செய்யுங்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ காவல் நிலையத்தில் சொல்லியே ஆக வேண்டும். போக்சோ சட்டத்தில் சொல்லாமல் மறைப்பவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. "பாஸ்டர்கிட்ட சொல்லிட்டோம், அவர் பார்த்துக்குவார்" என்பது புகார் ஆகாது. திரும்பவும் சொல்கிறேன், ஆகாது. புகாரை எழுதியே கொடுங்கள். வழக்கு பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். உடனே பதியவில்லை என்றால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷன் படியிறங்காதீர்கள். விமானம் அன்று இரவாக இருந்தாலும் சரி.