லைன் என்றால் நூல்

தெருவில் வளர்ந்த ஆங்கிலம் – 17

‘கிராஸ்’ போன வாரத்தோடு முடிந்தது. தெருவும் கோபமும் செக்கின் மூலையில் கிழிக்கும் இரட்டைக் கோடும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன என்பது நினைவிருக்கும். இந்த வாரம் ‘லைன்’. ரேஷன் கடை லைன், போன் லைன், பையன்கள் அடிக்கும் லைன் என்று மூன்றையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு தையல்கடை குறுக்கே வந்துவிட்டது.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் ரவிக்கைத் துணி கொடுக்கப் போனேன். “லைனிங் வைக்கணுமா அக்கா? காட்டன்லயே போட்டுக்கோங்க, சாட்டின் போட்டா வேர்க்கும்” என்றார் தைப்பவர். லைனிங்! இருபது வருடமாகச் சொல்லிவரும் சொல். அதில் ‘லைன்’ ஏன் இருக்கிறது? உள்ளே கொடுக்கும் துணியில் கோடு எங்கே, வரிசை எங்கே? வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். அன்றிரவு அடுப்பு பற்றவைக்கத் தாமதமாயிற்று.

எல்லாம் ஒரு செடியிலிருந்து வருகிறது. ஆளிச் செடி. இங்கே கன்னடக்காரர் கடைகளில் ‘அகசே’ என்று கேட்டால் பழுப்பாக, வழவழப்பாக ஒரு விதை தருவார்களே, அதன் செடிதான். லத்தீனில் அதற்கு ‘லினும்’ என்று பெயர். அதன் தண்டிலிருந்து உரிக்கும் நாரில் நெய்த துணி லினன். உடுப்பின் உட்புறம் அந்த லினனை வைத்துத் தைத்ததால் லைனிங். ஆளி விதை லின்சீட். அதன் எண்ணெயைக் கொண்டு செய்த தரைவிரிப்பு லினோலியம். அதே நாரில் முறுக்கிய நூலுக்கு லத்தீனில் ‘லினேயா’. தச்சனும் கொத்தனும் அதை இரண்டு முனையில் இழுத்துக் கட்டினால் நேர்கோடு கிடைக்கும். அந்த நூலே ஆங்கிலத்தில் ‘லைன்’ ஆயிற்று. கோடு, வரிசை, தண்டவாளம், கம்பி, பாட்டின் அடி, எல்லை எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்த பொருள்கள்.

தமிழிலும் இதே நடந்திருக்கிறது என்பதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று கேளுங்கள். “நூல் பிடிப்பா” என்பார் மேஸ்திரி. “ரெண்டு நூல் தள்ளு” என்பார் ஆசாரி. அவருக்கு ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரத்தின் கோணலை நூல் காட்டிக்கொடுப்பதுபோல மனத்தின் கோணலைக் காட்டித் திருத்துவதால் புத்தகத்துக்கு நூல் என்று பெயர் என நன்னூல் பாயிரம் காரணம் சொல்கிறது. ஆங்கிலேயரும் நாமும் ஒரே கயிற்றைத்தான் கையில் எடுத்தோம். ஆங்கிலேயர் அதைத் தண்டவாளத்துக்கும் தந்திக் கம்பிக்கும் கொண்டுபோனார்கள், நாம் புத்தகத்துக்குக் கொண்டுபோனோம். லைன் என்பதற்கு அகராதிகள் தரும் கோடு, வரி, வரிசை, நிரை, அடி ஆகிய எல்லாவற்றையும்விட அதன் பிறப்புக்கு நெருங்கிய தமிழ்ச் சொல் நூல்தான். (கோடு என்ற சொல்லைப் பாருங்கள்: கோடுதல் என்றால் வளைதல். வளைவைக் குறித்த சொல்லை நேராக இழுப்பதற்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.)

நூல் என்றதும் ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்கு ஆலை நினைவுக்கு வராமல் இருக்காது. பின்னி, மினர்வா, ராஜா மில். மினர்வா மில் பெயரை நாடெங்கும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்துவதில் நாடாளுமன்றம் எங்கே நின்றாக வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் எல்லைக்கோடு போட்டது அந்த மில் தொடுத்த வழக்கில்தான். மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த நிலத்தில் இப்போது மந்த்ரி ஸ்கொயர் மால் நிற்கிறது. அங்கிருந்து மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீராம்புரம். 2014 மார்ச்சில் இந்தப் பாதை ஓடத் தொடங்கியது. அதற்குப் பெயர் கிரீன் லைன். அதன் தென்கோடி ஸ்டேஷன் சில்க் இன்ஸ்டிடியூட். ஒரு நூலின் முனைக்கு வேறென்ன பெயர் பொருந்தும்!

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். நூற்பாலையில் நூலின் சன்னத்தை நம்பரால் சொல்வார்கள். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு நாற்பது சிட்டம் வந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். அப்படியென்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம், அதாவது 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2024 நவம்பரில் மாதாவரா வரை நீளும் முன்பு, நாகசந்திராவிலிருந்து சில்க் இன்ஸ்டிடியூட் வரை கிரீன் லைனின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான நூல், இரண்டு கையில் அடங்கிவிடும், அந்தப் பாதை முழுவதும் ஓடிவிடும். ஷிப்ட் முழுக்க நின்று நூற்ற நம் பெரியவர்கள் எத்தனை நகரங்களைச் சுற்றிவரும் நீளத்துக்கு நூற்றிருப்பார்கள்!

ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கும் சில ஊர்களில் லைன் என்றுதான் பெயர். கோயம்புத்தூர் பக்கம் லைன் வீடு. ஒரே கூரை, அடுத்தடுத்து கதவு, பொதுவில் ஒரு குழாய். அதையே திருநெல்வேலியில் வளவு என்பார்கள், வேறு சில ஊர்களில் ஸ்டோர், சென்னையில் ஒண்டுக் குடித்தனம், பம்பாய்த் தமிழர் சால், இங்கே கன்னடத்தில் வட்டாரா. பட்டாளத்துச் சிப்பாய்களை வரிசைக் குடிசைகளில் வைத்த இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் லைன்ஸ் என்றார்கள். அதே பழக்கம் போலீஸ் லைனுக்கு வந்தது, 2001-இல் சுரங்கம் மூடிய கோலார் தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வந்தது, கடல் தாண்டி இலங்கை மலையகத்தில் லயனாகி லயம் என்றே தமிழாகிவிட்டது. லயத்தின் ஒற்றை அறை லயன் காம்பரா. காம்பரா போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, சமைத்து, செத்த அறைக்கு இரண்டு ஐரோப்பிய மொழிகள் சேர்ந்து பெயர் வைத்திருக்கின்றன. ‘வரிசை, கோடு’ என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளும் அகராதிகள் இந்த அர்த்தத்தையும் சேர்க்க வேண்டும். தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு லைன் என்றால் முதலில் வீடு.

ரேஷன் கடையும் போனும் அடுத்த வாரம். லைன் அடிப்பதும் அப்போதுதான்.

அதற்குள் ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பின்னியிலோ மினர்வாவிலோ ராஜா மில்லிலோ வேலை பார்த்த தாத்தா, பாட்டி இருந்தால், தாங்கள் குடியிருந்த வரிசை வீட்டை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், நூல் அறுந்தால் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தச் சொற்களில் பல எந்த அகராதியிலும் ஏறாமல் இருக்கலாம்.