பெட்டியில் உறங்கும் துணி

வருஷப் பிறப்பன்று ஜாபிதா எழுதுவதில் நமக்கு உற்சாகம் அதிகம். குழந்தைக்குப் பாவாடை, தலையணைக்கு உறை, ஜன்னலுக்குத் திரை என்று பத்து இனங்களை எழுதிவிடுகிறோம். ஆடி பிறக்கும்போது பார்த்தால், கத்தரித்த துணி பெட்டியிலேயே உறங்குகிறது. துணி காத்திருக்கும், குழந்தை காத்திருக்குமா? அது வளர்ந்துவிடுகிறது!

குற்றம் சோம்பலில் மாத்திரம் இல்லை, ஜாபிதாவிலும் இருக்கிறது. பாவாடை என்பது ஒரே வேலையன்று. பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிடில் தைத்த பிறகு சுருங்கும். அப்பால் அளவெடுத்தல், கத்தரித்தல், மூட்டுதல், இடுப்புப் பட்டி, ஓரம் மடித்தல். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதினால், குழம்பு கொதிக்கும் நேரத்திலும் ஒரு வரியை அடித்துவிடலாம்.

இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகள், 1924-ல் அதற்கு விலக்காகக் காட்டிய உதாரணம் சிங்கர் தையல் இயந்திரம். ஆனால் இயந்திரம் தையலைத்தான் விரைவாக்கும். நம் சங்கல்பத்தை அன்று.

நம் பாட்டிமார் பாவாடையில் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்பார்கள். குழந்தை உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஜாபிதாவையும் அவ்வாறே அமைப்போம். இப்போதைக்கு மூன்று இனங்கள் போதும். அவை முடிந்த பிறகு நான்காவதை எழுதிக்கொள்ளலாம். முதல் வரி, பெட்டியில் உறங்கும் அந்தப் பாவாடையாகவே இருக்கட்டும்.