காப்புநகல் இருந்தும் கணினி எழாதது ஏன்?

“பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன், பயமில்லை.” ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். கோப்புகளைப் பத்திரப்படுத்துவது ஒரு வேலை. அவற்றைக் கொண்டு கணினியை மறுபடியும் எழச் செய்வது வேறொரு வேலை. சென்ற தவணையில் எங்கள் விடுதி அறையில் இந்த வேறுபாடு நன்றாகப் புரிந்தது.

என்னோடு தங்கியிருந்த அக்கா சுற்றுச்சூழல் அறிவியல் இறுதியாண்டு மாணவி. ஆறு மாதமாக ஆற்று நீரைச் சோதித்துக் குறித்த அளவுகள், வரைபடங்கள், பாதி எழுதிய ஆய்வேடு, ஆய்வுக்கான மென்பொருள் எல்லாம் அவருடைய மடிக்கணினியில் இருந்தன. ஒப்படைக்க ஒன்பது நாள் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் செயலிழந்தது. நல்லவேளையாக, முந்தைய வாரம்தான் ‘சி’ பகுதி முழுவதையும் ஒரு வெளிப்புற டிஸ்க்கில் நகலெடுத்திருந்தார். புதிய எஸ்எஸ்டி வாங்கி, நகலை அதில் மீட்டார். ‘100 விழுக்காடு முடிந்தது’ என்று திரையில் வந்தது. ஆனால் கணினியை முடுக்கியதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: துவக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை.

கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “பார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டுடலாம்மா” என்றார். அப்படிச் செய்தால் கோப்புகளை வெளிப்புற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள்களையும் உரிமங்களையும் ஒவ்வொன்றாக மீண்டும் அமைக்க வேண்டும். ஒன்பது நாளில் அதற்கு எங்கே நேரம்?

“எல்லாமே போச்சா?” என்று கேட்டார் அக்கா. “இல்லக்கா, எல்லாம் உள்ளேதான் இருக்கு. கணினிக்குத்தான் வழி தெரியல” என்றேன். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. துவக்க முறைகளை வகுப்பில் அப்போதுதான் படித்து முடித்திருந்தோம்.

மின்விசையை அழுத்தியதும் விண்டோஸ் நேராக வந்துவிடுவதில்லை. முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய நிரல். அது டிஸ்க்கில் ‘துவக்கி’ என்னும் இன்னொரு நிரலைத் தேடி எழுப்பும். துவக்கிதான் விண்டோஸை எழுப்பும். ‘பூட்’ என்ற சொல்லே ‘பூட்ஸ்ட்ராப்’ என்பதன் சுருக்கம். தன் காலணி வாரைத் தானே இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற கற்பனையில் பிறந்த சொல் அது.

பழைய கணினிகளில் துவக்கியின் முதல் துண்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் இருந்தது. இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளில் அதற்கென்றே ‘இஎஃப்ஐ பகுதி’ என்ற சிறிய இடம் ஒதுக்கப்படுகிறது. விண்டோஸ் அதை நம் கண்ணில் காட்டுவதில்லை. ‘சி’யை மட்டும் நகலெடுத்தால் அது விட்டுப்போகும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனி அடையாள எண் இருக்கிறது. துவக்கி எங்கே என்பதைத் தாய்ப்பலகை அந்த எண்ணை வைத்தே நினைவில் கொள்கிறது. புதிய டிஸ்க்கில் பகுதிகளைப் புதிதாக உருவாக்கினால் எண்ணும் மாறிவிடும். வீடு மாறிய பிறகும் தபால்காரர் கையில் பழைய முகவரியே இருப்பது போன்ற நிலை. லினக்ஸ் பயன்படுத்துவோரும் இதைச் சந்திக்கலாம். அங்கே ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பில் உள்ள பழைய எண்களை மாற்றி, ‘கிரப்’ என்னும் துவக்கியை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

சரிசெய்யத் தொடங்குமுன் செய்த முதல் காரியம், வெளிப்புற டிஸ்க்கில் இருந்ததை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்தது. இருக்கும் ஒரே நகலை வைத்துக்கொண்டு யாரும் பரிசோதனை செய்யக்கூடாது. பிறகு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டோம்.

அடுத்து, வேறொரு கணினியில் 8 ஜிபி யுஎஸ்பி ஒன்றை விண்டோஸ் நிறுவியாக மாற்றி, அதிலிருந்து மடிக்கணினியைத் துவக்கினோம். நிறுவும் திரை வந்ததும் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். ‘டிஸ்க்பார்ட்’ என்ற கருவியில் பார்த்தபோது, எஸ்எஸ்டி இன்றைய ஜிபிடி முறையில்தான் பிரிக்கப்பட்டிருந்தது. ‘சி’யைக் கொஞ்சம் சுருக்கி, 260 எம்பி அளவில் ஓர் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, ஃபேட்32 முறையில் வடிவமைத்தோம். டிஸ்க்பார்ட்டில் கவனம் தேவை. தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதிலுள்ளவை அழிந்துபோகலாம்.

கடைசியாக ‘பிசிடிபூட்’ என்ற கட்டளை. அது விண்டோஸ் கோப்புறையிலேயே இருக்கும் துவக்கக் கோப்புகளை எடுத்துப் புதிய பகுதியில் வைத்து, தாய்ப்பலகைக்குப் புது முகவரியையும் தந்துவிடும். சில விநாடிகளில் வேலை முடிந்தது. யுஎஸ்பியை எடுத்துவிட்டு முடுக்கியதும், அக்காவின் பழைய முகப்புத் திரை அப்படியே வந்தது. நகலெடுத்த பிறகு செய்திருந்த ஒரு வார வேலையை ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் ஏற்றினார். ஆய்வேடும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை நான்கு. நகலெடுக்கும்போது ‘சி’யை மட்டுமல்லாமல் டிஸ்க் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் நிறுவி யுஎஸ்பி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம். நான்காவது, மீட்டுப் பார்ப்பது. உதிரி டிஸ்க் ஒன்று கிடைத்தால் நகலை அதில் மீட்டு, கணினி எழுகிறதா என்று பாருங்கள்.

தவணை விடுமுறையில் ஒரு மதியம் ஒதுக்கினால் போதும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் அந்த ஒரு மதியம் யாருக்கும் கிடைப்பதில்லை.