சிரிக்கும் முகத்தின் மறுபக்கம்

ஓங்கில் என்று தமிழில் வழங்கப்படும் டால்பினைப் பார்ப்பவர் எவரும் அது தம்மைக் கண்டு புன்னகை செய்வதாகவே எண்ணுவர். உண்மையில் அது புன்னகை அன்று. தாடை எலும்பின் அமைப்பே அந்தத் தோற்றத்தைத் தருகிறது. மகிழ்ச்சியாக இருந்தாலும், நோயுற்றிருந்தாலும், சினம் கொண்டிருந்தாலும் ஓங்கிலின் முகம் ஒரே வடிவில்தான் இருக்கும். முகத்தை மட்டும் கண்டு ஓர் உயிரின் இயல்பை முடிவு செய்வது எவ்வளவு தவறானது என்பதை வட கடலில் நடந்த ஓர் ஆய்வு உணர்த்துகிறது.

கரையில் ஒதுங்கிய உடல்கள்

ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்கில் மோரே வளைகுடா உள்ளது. அதன் குளிர்ந்த நீரில் குப்பிமூக்கு ஓங்கில்கள் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. அதே நீரில் கடற்பன்றி என்னும் சிறிய பாலூட்டியும் வாழ்கிறது. இரண்டும் திமிங்கில இனத்தைச் சேர்ந்த உறவினங்களே. ஆயினும் உருவில் பெரிய வேறுபாடு உண்டு. முழு வளர்ச்சி பெற்ற ஓங்கில் மூன்று முதல் நான்கு மீட்டர் நீளம் இருக்கும். கடற்பன்றியோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் 50 முதல் 60 கிலோகிராம் எடையும் உடையது. ஓங்கிலின் மூக்கு நீண்டிருக்கும். பற்கள் கூம்பு வடிவில் இருக்கும். கடற்பன்றிக்கு நீண்ட மூக்கு இல்லை. அதன் பற்கள் மண்வெட்டியின் முனைபோல் தட்டையானவை.

1990களின் தொடக்கத்தில் இந்தக் கரையோரத்தில் இறந்து ஒதுங்கிய கடற்பன்றிகளின் உடல்களை அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். வெளித்தோலில் பெரிய காயங்கள் இல்லாத உடல்களிலும் உள்ளே பெருஞ்சேதம் தென்பட்டது. விலா எலும்புகள் முறிந்திருந்தன. நுரையீரலும் கல்லீரலும் கிழிந்திருந்தன. கப்பல் மோதியதோ, மீன்பிடி வலை நெரித்ததோ, மனிதர் எவரேனும் அடித்தனரோ என்ற ஐயங்கள் இத்தகைய நிலையில் எழுவது இயல்பே.

பற்கள் சொன்ன சாட்சி

உடல்களின் தோலில் இணைகோடுகளாகச் சில கீறல்கள் இருந்தன. சீப்பை அழுத்தி இழுத்தாற்போன்ற அக்கீறல்கள் பற்களின் தடங்கள். கோடுகளுக்கு இடையிலான தொலைவை ஆய்வாளர்கள் அளந்தனர். அது குப்பிமூக்கு ஓங்கிலின் பல் இடைவெளியோடு பொருந்தியது. கடலில் நேரடியாகக் கண்ட காட்சிகளும் இந்தச் சாட்சியை உறுதி செய்தன. ஓங்கில்கள் கடற்பன்றியைத் துரத்தின. தம் வலிய மூக்கினால் இடித்தன. நீருக்கு மேலே தூக்கி எறிந்தன.

ராஸ், வில்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்த முடிவுகளை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பகுதியில் இறந்து ஒதுங்கிய கடற்பன்றிகளுள் பெரும்பாலானவை ஓங்கில்களின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன என்பது தெரியவந்தது. மனிதரின் நண்பன் என்று போற்றப்பட்ட உயிரினமே அந்த இறப்புகளுக்குக் காரணம் என்பதைப் பலரால் எளிதில் ஏற்க இயலவில்லை. ஆயினும் சான்றுகள் தெளிவாக இருந்தன.

எதற்காக இந்தத் தாக்குதல்?

ஒரு விலங்கு மற்றொன்றைக் கொல்வதற்குப் பசியே காரணம் என்று பொதுவாகக் கருதுகிறோம். இங்கு அது பொருந்தவில்லை. ஓங்கில்கள் தாம் கொன்ற கடற்பன்றியை உண்பதில்லை. அப்படியே விட்டுச் செல்கின்றன. எனவே ஆய்வாளர்கள் வேறு விளக்கங்களைத் தேடினர்.

முதல் விளக்கம் உணவுப் போட்டி. இரு விலங்குகளும் மீன்களை உண்பவை. ஒரே இடத்தில் இரை தேடும்போது வலியது மெலியதை விரட்டக்கூடும்.

இரண்டாவது விளக்கம் 1998ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. மோரே வளைகுடாப் பகுதியில் இறந்து கிடந்த எட்டு ஓங்கில் கன்றுகளை உடற்கூறாய்வு செய்தபோது, அவற்றுள் ஐந்து வளர்ந்த ஓங்கில்களாலேயே கொல்லப்பட்டிருந்தன எனத் தெரிந்தது. கன்றை இழந்த தாய், பால் கொடுத்து வளர்க்கும் ஆண்டுகள் முடியும்வரை காத்திராமல் விரைவில் மீண்டும் கருவுறும் நிலையை அடைகிறது. இது ஆண் ஓங்கிலுக்குத் தன் வழித்தோன்றலைப் பெறும் வாய்ப்பைத் தருகிறது. கடற்பன்றியின் உருவ அளவோ ஓங்கில் கன்றின் அளவை ஒத்தது. ஆகவே கன்றுகளைத் தாக்கும் அதே நடத்தைதான் கடற்பன்றியின் மீதும் வெளிப்படுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினர்.

இத்தகைய நடத்தை கடலுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலும் இது பதிவாகியுள்ளது. ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் குரங்குகளை 1970களில் ஆராய்ந்த சாரா ஹர்டி, புதிதாகக் கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண் குரங்கு முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்வதுண்டு என்று எழுதினார். சிங்கங்களிடமும் இவ்வழக்கம் காணப்படுகிறது.

மூன்றாவது விளக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையிலிருந்து வந்தது. அங்குள்ள மான்டரே விரிகுடாவிலும் ஓங்கில்கள் கடற்பன்றிகளைத் தாக்குவதை ஆய்வாளர்கள் கண்டனர். தாக்கியவற்றுள் பெரும்பாலானவை ஆண்கள் எனத் தோன்றின. ஆண்களிடையே இணைக்காக நடக்கும் போட்டியின் வேகமும், சண்டைப் பயிற்சியாக அமையும் விளையாட்டும் இதற்குக் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. இம்மூன்றனுள் ஒன்று மட்டுமே சரி என்று அறிவியல் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை. வெவ்வேறு காரணங்கள் ஒன்றுசேர்ந்தும் செயல்படலாம்.

பகையும் உறவும்

வேற்றினங்கள் சந்திக்கும்போதெல்லாம் பகை மட்டுமே விளையும் என்று எண்ணிவிடலாகாது. அட்லாண்டிக் கடலில் உள்ள பஹாமாஸ் தீவுகளின் ஆழமற்ற தெளிந்த நீரில், 1985ஆம் ஆண்டு முதல் டெனிஸ் ஹெர்சிங் என்னும் ஆய்வாளர் ஓங்கில்களைக் கவனித்து வருகிறார். அங்கே புள்ளி ஓங்கில்களும் குப்பிமூக்கு ஓங்கில்களும் சேர்ந்து நீந்துகின்றன; சேர்ந்து விளையாடுகின்றன. அதே இரு இனங்களுக்கிடையே சண்டையும் மூளுகிறது. உருவில் பெரிய குப்பிமூக்கு ஆண்கள் புள்ளி ஓங்கில்களை அடக்க முயல்கின்றன.

தனித்து நிற்கும் புள்ளி ஓங்கிலால் அவற்றை எதிர்க்க இயலாது. ஆனால் பல புள்ளி ஓங்கில்கள் அணிதிரண்டு, ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே திசையில் நீந்தி, ஒரே குரலில் ஒலியெழுப்பும்போது தம்மினும் பெரிய எதிரியை விரட்டிவிடுகின்றன. ஒற்றுமையின் வலிமைக்குக் கடலுக்கடியிலும் ஒரு சான்று உண்டு.

அறிய வேண்டியது

இந்த உண்மைகளை அறிந்தபின் ஓங்கிலைக் கொடிய விலங்கு என்று கூறலாமா? கூறலாகாது. நல்லது, தீயது என்னும் அளவுகோல்கள் மனிதர் தமக்காக வகுத்துக் கொண்டவை. ஓங்கில் தன் வாழ்வின் தேவைக்கும் உடலின் உந்துதலுக்கும் ஏற்ப நடக்கிறது. நேற்று அதனைத் தெய்வமாக்கியதும், இன்று அதனைக் குற்றவாளியாக்குவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

நம் அன்புக்குரியது என்பதற்காக ஒரு விலங்கைப் பற்றிய உண்மையை மறைத்திருந்தால், கடற்பன்றிகளின் இறப்புக்கு மீனவரோ மாலுமிகளோ வீண்பழி சுமந்திருக்கக்கூடும். பல் தடத்தைப் பொறுமையாக அளந்தவர்களால்தான் மெய் வெளிப்பட்டது. ஓங்கிலைக் காக்க வேண்டும்; கடற்பன்றியையும் காக்க வேண்டும். அதற்கு அவற்றை நாம் விரும்பும் வடிவில் அன்றி, அவை இருக்கும் வடிவிலேயே அறிந்துகொள்வது முதற்படியாகும்.

சொல்லும் பொருளும்

உறவினம் – நெருங்கிய தொடர்புடைய விலங்கு வகை
உடற்கூறாய்வு – இறந்த உடலை அறுத்துக் காரணம் அறிதல்
வழித்தோன்றல் – வாரிசு, பின் பிறக்கும் உயிர்
உந்துதல் – தூண்டுதல்
வீண்பழி – செய்யாத குற்றத்தைச் சுமத்துதல்

பயிற்சி

1. ஓங்கில் புன்னகை செய்வதுபோல் தோன்றுவது ஏன்?
2. கடற்பன்றியைத் தாக்கியது ஓங்கிலே என்பதை எவ்வகைச் சான்றுகள் காட்டின?
3. பசி இத்தாக்குதலுக்குக் காரணம் அன்று என எவ்வாறு கூறுகிறோம்?
4. புள்ளி ஓங்கில்கள் பெரிய எதிரியை எவ்வாறு விரட்டுகின்றன?
5. 'தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யலாகாது' என்னும் தலைப்பில், நீங்கள் கண்ட ஒரு நிகழ்வை வைத்து ஐந்து தொடர்கள் எழுதுக.