கோடு தெரியாத கடலும் உருவம் காணாத சந்நிதியும்

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் விசைப்படகுகள் நிற்கும் முக்கியமான இரு துறைகளில் ஒன்று ஜெகதாப்பட்டினம். மற்றொன்று அதனருகிலுள்ள கோட்டைப்பட்டினம். கரையில் நின்று கிழக்கே நோக்கினால் பாக் விரிகுடா ஒரே நீர்ப்பரப்பாக விரிந்து கிடக்கும். இந்தியாவும் இலங்கையும் 1974-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின் எல்லைக்கோடு அந்நீரின் மேல் எங்கும் தெரியாது. அதைத் தாண்டியதாகச் சிறைப்பிடிக்கப்பட்ட மீனவரின் வீட்டிலோ, அந்தக் கோடு அடுப்பங்கரை வரை நீண்டு கிடக்கிறது.

இத்துறைக்கு மேற்கே, உள்நாட்டில், ஆவுடையார்கோயில் என வழங்கும் திருப்பெருந்துறை அமைந்துள்ளது. அங்கு எழுந்தருளியிருக்கும் இறைவனின் திருநாமம் ஆத்மநாதர். கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. அதன் மேல் இலிங்கத் திருவுரு இல்லை. அம்பிகை யோகாம்பாள் சந்நிதியிலும் திருவடிகளையே பலகணி வழியாகத் தரிசிக்க முடியும். நந்தியும் கொடிமரமும் இங்கு இல்லை. முதன்முறை செல்லும் அன்பர்கள் சற்றுத் திகைத்து நிற்பதுண்டு. கண் தேடிய உருவம் அகப்படாதபோது, பார்வை வேறு வழியின்றித் தன்னையே நோக்கித் திரும்புகிறது. 'ஆத்மநாதர்' என்ற பெயருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட தலமும் இதுவே. பாண்டியனின் அமைச்சராக இருந்த திருவாதவூரர், குதிரை வாங்குவதற்கென அரசன் கொடுத்த பொருளோடு கீழைக் கடற்கரை நோக்கி வந்தார். குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார்; கொண்டுவந்த பொருளைத் திருப்பணியில் செலவிட்டார். அரசாங்கப் பணத்தை இப்படிச் செலவிட்டதை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது? பக்தர்கள் பெரும்பாலும் இக்கேள்வியைக் கடந்துபோய்விடுகிறார்கள். புராணம் கடந்துபோகவில்லை. அடியார் என்பதற்காக அவரிடம் கணக்குக் கேட்காமல் விடவில்லை, தண்டனையும் தரப்பட்டது. வைகை பெருகியபோது பிட்டுக்கு மண் சுமக்க வந்த பெருமானின் முதுகில் விழுந்த பிரம்படி, அடிக்கச் செய்த அரசன் முதுகிலும் விழுந்தது.

மதுரையில் அந்தப் பிட்டுத் திருவிழாவை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிறர் முதுகில் விழும் அடி நம் மேலும் விழுகிறதா என்று மட்டும் நாம் கேட்டுக்கொள்வதில்லை. மீனவர் கைது என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தால் நியாயமாகவே கோபம் வருகிறது. ஆனால் அக்கோபம் எதிர்க்கரை வரை சென்று பார்ப்பதில்லை. அங்கே வட இலங்கையில் கடலை நம்பி வாழ்பவர்களும் தமிழர்களே. 2009-இல் போர் முடியும்வரை அவர்களில் பலர் நினைத்தபடி கடலில் இறங்க முடியவில்லை. இறங்க முடிந்தபோது, கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடியில் தங்கள் சிறு வலைகள் அறுபடுவதாக அவர்கள் முறையிட்டார்கள். அந்த மடித்தொழிலை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. ஜெகதாப்பட்டினத்தாரின் துயரமும் மெய். அந்தத் துயரமும் மெய். கடன் வாங்கிப் படகு கட்டியவர் ஒரே நாளில் தொழிலை மாற்றிக்கொள்ள முடியாது என்பதும் மெய்யே. இம்மூன்றையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது கடினம். கட்சி கட்டுவது எளிது. வீட்டுத் திண்ணையில் மாமியார் மருமகள் வழக்கைத் தீர்க்கும் பெரியவர்களுக்கு இது தெரியாததன்று.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பலகையைச் சோதிக்கிறார்கள், வலைகளைச் செப்பனிடுகிறார்கள். மீன்வளம் பெருகுவதற்காக அரசு வகுத்த ஏற்பாடு இது. ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணில் படாத விரிசல், படகு நின்ற பிறகே தெரிகிறது. பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இதை உணர்வார்கள். நாற்பது ஆண்டுகள் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருந்தவை உதிர்ந்தபின், 'நான்' என்று சொல்ல என்ன மிஞ்சுகிறது? தென்னவன் பிரமராயன் என்ற பட்டத்தைத் துறந்த வாதவூரரும் அந்தக் கேள்வியோடுதான் குருந்த மரத்தடியில் நின்றிருப்பார்.

ஆவுடையார்கோயிலில் இன்றும் புழுங்கலரிசி அன்னத்தைச் சுடச்சுடக் கல்மேடையில் பரப்பி, கீரையும் பாகற்காயும் சேர்த்து நிவேதிக்கிறார்கள். எழும் ஆவியையே ஆத்மநாதர் ஏற்றுக்கொள்வதாக ஐதீகம். மார்கழியில் அங்கே திருவெம்பாவை ஒலிக்கும் அதே விடியலில், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் அதையே பாடிக்கொண்டிருக்கிறார்கள்.