மதிப்பெண் சரிந்த காரணத்தை எப்படிச் சொல்வது?

நற்சான்றுக் கடிதம் வேண்டி இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கணிதப் பட்டதாரி. முதலாண்டில் 74 விழுக்காடு பெற்றவர், இரண்டாமாண்டில் 48க்குச் சரிந்திருந்தார். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டு அவருடைய தந்தை மருத்துவமனையில் கிடந்த காலம் அது. பகலில் கல்லூரி, இரவெல்லாம் நோயாளியின் அருகே. இறுதியாண்டில் மீண்டும் 70ஐ எட்டிவிட்டார்.

“சாமி, காரணத்தை எழுதினால் அப்பாவுக்கு அவமானம், எழுதாவிட்டால் என்னைச் சோம்பேறி என்பார்கள். எனக்கே டைபாய்டு வந்ததாக எழுதிவிடட்டுமா?” என்றார்.

எட்டாம் கட்டளை அதற்கு இடந்தராது. ஆனால் பொய் சொல்லாதிருப்பது வேறு; எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பது வேறு. அறிய உரிமையில்லாதவருக்கு உண்மையை வெளிப்படுத்த எவரும் கடமைப்பட்டவரல்லர் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2489) தெளிவுபடுத்துகிறது. தந்தைக்கு நோய் வந்த விதத்தை வேலை தருவோர் அறிய வேண்டியதில்லை.

முதலில் விளம்பரத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குப் பட்டம் போதும், மதிப்பெண் வரம்பில்லை. அங்கே விளக்கம் வேண்டியதில்லை. கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வை முதுகலைப் பட்டத்தின்பேரில் எழுதும் பொதுப் பிரிவினருக்கோ 55 விழுக்காடு வேண்டும். எத்துணை உருக்கமான காரணமும் அவ்வரம்பைத் தளர்த்தாது. தேர்வு செய்வோர் தாமே எடைபோட்டு முடிவெடுக்கும் இடங்களில்தான் விளக்கத்திற்குப் பயனுண்டு. அதுவும் சுருக்கமாக, புலம்பலின்றி, சான்றோடு இருக்க வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் இவ்வாறு எழுதச் சொன்னேன்: “இரண்டாமாண்டில் தந்தை கடும் நோயுற்றதால் அவரைப் பேணும் பொறுப்பு என்னுடையதாயிற்று. இப்போது அவர் நலமாக இருக்கிறார். இறுதியாண்டில் 70 விழுக்காடு பெற்றுள்ளேன். துறைத்தலைவரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.” மருத்துவமனைச் சீட்டில் நோயின் காரணமும் இருக்குமாதலால் அதனை இணைக்கவில்லை.

ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தவர், “இதை அப்பாவிடமும் காட்டலாம் சாமி” என்றார். இரண்டு நிறுவனங்கள் பதில் எழுதவில்லை. மூன்றாவது, நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது.

அன்பார்ந்த பெற்றோரே, ஐந்து தாலந்து பெற்று ஐந்து ஈட்டியவனும், இரண்டு பெற்று இரண்டு ஈட்டியவனும் ஒரே பாராட்டைப் பெற்றதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். குறைந்த மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையைக் கடியுமுன், அந்த ஆண்டில் அவன் தோளில் நாம் ஏற்றிவைத்த சுமை என்னவென்று சற்றே எண்ணிப் பாருங்கள்.