விசுவாசம் தகுதியாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். ஞாயிறுதோறும் தவறாது ஆலயத்துக்கு வந்தவர். மாதர் சங்கத்தில் பல்லாண்டு உழைத்தவர். ஜெபம் முடிந்தபின் அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, கிரியைகளால் யாரும் நீதிமான் ஆவதில்லை, விசுவாசத்தினாலே மட்டுந்தான் என்று சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். என்னுடைய விசுவாசம் அதற்குப் போதுமா என்றுதான் தெரியவில்லை" என்றார். நான் சற்றும் தயங்காமல், "நிச்சயமாகப் போதும் அம்மா, உங்களைப்போல் விசுவாசம் உள்ளவர் நம் சபையில் வேறு யார்?" என்று கூறினேன். அவர் முகத்தில் அமைதி தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் நான் செய்த பிழை எனக்குப் புலப்பட்டது. அவருடைய கிரியைகளை எடைபோடக் கூடாது என்று அறிந்திருந்த நான், அவருடைய விசுவாசத்தை எடைபோட்டுச் சான்றிதழ் வழங்கிவிட்டு வந்திருந்தேன்.

இப்பிழை ஓர் ஆயருக்கு மட்டும் உரியதன்று. விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்னும் கோட்பாட்டை நம் பிரசங்கங்கள் எடுத்துரைக்கும் முறையிலேயே இது மறைந்திருக்கிறது. முற்காலத்தில் கடவுள் கிரியைகளைத் தகுதியாகக் கேட்டார். மனிதரால் இயலாமற்போகவே, இப்போது அதனினும் எளிய தகுதியாகிய விசுவாசத்தைக் கேட்கிறார் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கட்டணம் குறைக்கப்பட்டது, ஆயினும் கட்டணம் உண்டு. பவுலடியார் கூறியது இதுவாயின், மூதாட்டியின் அச்சம் முற்றிலும் நியாயமானதே.

இத்தவற்றுக்கு நம் மொழியின் இயல்பும் ஓரளவு இடந்தருகிறது. ‘விசுவாசத்தினாலே’ என்பதில் உள்ள ஆல் உருபு மூன்றாம் வேற்றுமைக்குரியது. கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று நன்னூலார் அவ்வேற்றுமையின் பொருளை வகுத்தார்; ஏதுப்பொருளிலும் அவ்வுருபு வழங்குவதை நாம் அறிவோம். ‘உழைப்பால் உயர்ந்தான்’ என்கிறோம். ‘கையால் பெற்றுக்கொண்டான்’ என்றும் சொல்கிறோம். முன்னையதில் உயர்வுக்குக் காரணம் உழைப்பு. பின்னையதில் கை கொடைக்குக் காரணமன்று, கொடுத்தவனே காரணம். உருபோ இரண்டிடத்தும் ஒன்றே. விசுவாசத்தினாலே என்று கேட்கும் தமிழ்ச்செவி, உழைப்பால் என்பதைப்போல் அதைப் பொருள்கொண்டால் வியப்பதற்கில்லை.

கிரேக்க மொழியில் இம்மயக்கத்துக்கு இடம் குறைவு. ‘தியா’ என்னும் முன்னிடைச்சொல் ஒரு வேற்றுமையோடு வரும்போது ‘வழியாக’ என்றும், வேறொரு வேற்றுமையோடு வரும்போது ‘காரணமாக, பொருட்டு’ என்றும் பொருள்படும். விசுவாசத்தின் ‘வழியாக’ நீதிமானாக்கப்படுதலைப் பவுலடியார் பன்முறை எழுதுகிறார். விசுவாசத்தின் ‘பொருட்டு’ நீதிமானாக்கப்படுதல் என்று பொருள்படும் தொடரைப் புதிய ஏற்பாடு ஓரிடத்திலும் ஆளவில்லை. ஒரு வேற்றுமையில் என்ன இருக்கிறது என்று கிரேக்க வகுப்பில் சலித்துக்கொள்ளும் மாணவர் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். 1530 ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தன் நான்காம் பிரிவில் இவ்வேறுபாட்டைத் திட்டமாகக் காத்துக்கொண்டது: கிறிஸ்துவின் பொருட்டு, விசுவாசத்தின் வழியாக. 1563 இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை இன்னும் ஒரு படி சென்று, தன் 61 ஆவது வினாவில் என் மூதாட்டியின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறது. விசுவாசத்தினாலே மட்டும் என்று நீ ஏன் சொல்கிறாய் என வினவி, என் விசுவாசத்தின் மேன்மையைக் கருதிக் கடவுள் என்னை ஏற்றுக்கொள்வதில்லை என்று விடை தருகிறது. இதை மனப்பாடம் செய்திருந்தும் மருத்துவமனையில் மறந்துபோனேன்.

விசுவாசம் யாருடையது என்ற வினாவும் இங்கு எழுகிறது. ஆபகூக் 2:4 இல் எபிரேய மூலம் ‘அவனுடைய’ உண்மை என்கிறது. எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘என்னுடைய’ என்று அதனைக் கடவுள்மேல் ஏற்றுகிறது. அவ்வசனத்தை உரோமர் 1:17 இல் எடுத்தாளும் பவுலடியார் இரண்டு பிரதிப்பெயர்களையும் விட்டுவிடுகிறார். கலாத்தியர் 2:16 இல் வரும் தொடர் கிறிஸ்துவின்மீது நாம் வைக்கும் விசுவாசத்தைக் குறிக்கிறதா, கிறிஸ்துவே காட்டிய உண்மைப்பற்றைக் குறிக்கிறதா என்பது குறித்து, ரிச்சர்ட் ஹேய்ஸ் 1983 இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் நீண்ட விவாதம் நிகழ்ந்துவருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பற்றும்’ என்ற சொல்லை இட்டு முன்னைய பொருளைத் தேர்ந்துகொண்டது. அதுவே சரியெனினும், பற்றும் கைக்குப் பற்றப்படுகிறவரே வலிமை தருகிறார் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இனி, பவுலடியாரின் தலைமைச் சான்றாகிய ஆபிரகாமிடம் வருவோம். ஆதியாகமம் 15:6 இல் ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தான் என்றும், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்றும் காண்கிறோம். இதே சொல்லாட்சி பழைய ஏற்பாட்டில் மற்றோரிடத்திலும் உண்டு. சங்கீதம் 106:31 இல் பினெகாசின் வைராக்கியச் செயல் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. ஆகவே எண்ணப்படுதல் என்னும் சொல் தன்னளவில் கிரியையை விலக்குவதில்லை. ஆபிரகாமையும் பினெகாசைப்போன்ற வீரனாகக் கொள்ளும் வழக்கம் யூதரிடையே இருந்தது. மக்கபேயர் முதல் நூல் 2:52, ஆபிரகாம் சோதனையில் உண்மையுள்ளவனாகக் காணப்பட்டதையே நீதியாக எண்ணப்பட்டதோடு இணைக்கிறது. அதாவது, ஈசாக்கைப் பலியிடத் துணிந்த 22 ஆம் அதிகாரத்தின் ஒளியில் 15 ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. யாக்கோபு நிருபம் 2:21–23 வரையில் இவ்வாறே வாசிக்கிறது என்பது நோக்கத்தக்கது.

பவுலடியார் இவ்வழக்கை அறிந்தே அதனின்று விலகுகிறார். அவர் கேட்கும் கேள்வி மிக எளியது: எப்போது எண்ணப்பட்டது? விருத்தசேதனத்துக்கு முன்னா, பின்னா? (உரோமர் 4:10). கணக்கிட்டுப் பார்க்கலாம். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு வயது 86 (ஆதி. 16:16), விருத்தசேதனம் பெற்றபோது வயது 99 (17:24). 15 ஆம் அதிகாரம் இவ்விரண்டுக்கும் முற்பட்டது. எனவே நீதிமான் என எண்ணப்பட்ட ஆபிராம் குறைந்தது பதின்மூன்று ஆண்டுகள் விருத்தசேதனம் இல்லாதவராகவே, புறவினத்தாருள் ஒருவரைப்போலவே நடமாடினார். மோரியா மலையோ இன்னும் வெகுதொலைவில் இருந்தது.

ஆயினும் பவுலடியாரின் வாதத்தில் நம்மைத் திடுக்கிடச் செய்யவேண்டியது இதற்குச் சற்று முன்னர் வருகிறது. உரோமர் 4:5 இல் கடவுளுக்கு அவர் சூட்டும் பெயர், பக்தியற்றவனை நீதிமானாக்குகிறவர் என்பது. நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் இதில் இடறுவதில்லை. யூத வேதத்தில் தேர்ந்த ஒருவர் இடறியே இருப்பார். துன்மார்க்கனை நீதிமான் எனத் தீர்ப்பளிக்கும் நீதிபதி கர்த்தருக்கு அருவருப்பானவன் என்பது நீதிமொழிகள் 17:15. யாத்திராகமம் 23:7 இல் துன்மார்க்கனை நான் நீதிமான் என்று தீர்ப்பதில்லை எனக் கடவுள் தாமே சொல்கிறார். எழுபதின்மர் அதை நீதிபதிக்கு இடப்படும் கட்டளையாகவே பெயர்த்தனர். அவர்கள் ஆண்ட அதே வினைச்சொல்லையும் அதே பெயர்ச்சொல்லையும் சேர்த்தே பவுலடியார் கடவுளின் பெயரை அமைக்கிறார். நேர்மையான நீதிபதி எதைச் செய்யக்கூடாதோ, அதைச் செய்தவர் என்று கடவுளை அழைக்கத் துணிகிறார். அது எவ்வாறு நீதியாகும் என்பதற்கு 3:25–26 இல் சிலுவையை முன்னரே சுட்டிக்காட்டிவிட்டார். நாம் இங்குக் காணவேண்டியது வேறொன்று. ஆபிரகாமே பக்தியற்றவர் வரிசையில் நிறுத்தப்படுகிறார் என்றால், அவருடைய விசுவாசத்தை ஒரு நற்பண்பாக மதிப்பிட்டுக் கடவுள் நீதியை விலையாக அளித்தார் என்று சொல்ல வழியே இல்லை. பக்தியற்றவனிடம் மதிப்பிட என்ன இருக்கிறது?

மாணவர் ஒருவர் இங்குத் தடை எழுப்பலாம். அதே அதிகாரம் 19 முதல் 21 வரையுள்ள வசனங்களில் ஆபிரகாம் விசுவாசத்தில் பலவீனப்படவில்லை, வல்லவரானார் என்று புகழவில்லையா? புகழ்கிறது. ஆனால் ஆதியாகமத்தை வாசிப்போர் அவர் ஆகாரை நாடியதையும் (16), முகங்குப்புற விழுந்து நகைத்ததையும் (17:17) மறக்க இயலாது. பவுலடியார் அவற்றை அறியாதவர் அல்லர். தம் உடலும் சாராளின் கருப்பையும் செத்துப்போனதை உணர்ந்தும், வாக்களித்தவர் செய்ய வல்லவர் என ஆபிரகாம் நிச்சயித்ததையே அவர் வல்லமை என்கிறார். அந்த வல்லமைக்குப் பொருள் முழுவதும் வாக்களித்தவரிடம் இருக்கிறது. தன் விசுவாசத்தை உற்றுநோக்கும் விசுவாசம் அந்த நொடியிலேயே வாக்களித்தவரைவிட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறது. மூதாட்டியிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது இதுவே. மாற்கு 9:24 இல் அந்தத் தகப்பன், தன் அவிசுவாசத்தையும் மறைக்காமல் இயேசுவிடம் கொண்டுவந்தான்; மகன் குணமானான்.

நீதிமானாக்குதல் என்பதில் உள்ள ‘ஆக்கு’ என்னும் வினை, நீதிமானாக மாற்றுதலைக் குறிக்கிறதா, நீதிமான் என அறிவித்தலைக் குறிக்கிறதா என்பது பழைய வழக்கு. மூலச்சொல் வழக்குமன்றத்தைச் சார்ந்தது. அறிவித்தலே அதன் முதற்பொருள். கடவுளின் வார்த்தை தான் அறிவிப்பதைப் படைக்கவும் வல்லது என்பதையும் மறத்தலாகாது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் ஏற்புடையவராதல் என்ற சொல்லைக் கையாண்டது. உறவுப்பொருள் அதில் தெளிவாக ஒலிக்கிறது, தீர்ப்புப்பொருள் சற்று மங்குகிறது. 1547 இல் திரெந்து சங்கம் தன் ஆறாம் அமர்வில் எழுப்பிய மறுப்புகளுக்கும் லுத்தரன் அறிக்கைகளுக்கும் இடையே இருந்த பிளவு, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமான கூட்டறிக்கையினால் பெரிதும் குறைந்தது. மெதடிஸ்தர் 2006 இலும் சீர்திருத்தச் சபையார் 2017 இலும் அதனோடு இணைந்தனர். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எனினும், மீட்பு நம் தகுதியினால் வருவதன்று என்பதில் இருதரப்பும் ஒருமித்துப் பேசின.

தகுதி என்னும் வினா கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழ்நாட்டு இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நன்று. சரணாகதியே மீட்புக்கு உபாயமா என்று ஸ்ரீவைணவ ஆசாரியர்கள் ஆழ்ந்து ஆராய்ந்தனர். சரணடையும் செயலைக்கூட உபாயமாகக் கருதலாகாது, இறைவன் ஒருவனே உபாயம் என்பது பிள்ளை லோகாசாரியரின் நிலை. சரணாகதி இறைவன் அருள்வதற்கு ஒரு வியாஜமாகவேனும் வேண்டும் என்பது வேதாந்த தேசிகரின் நிலை. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டி என்னும் உவமைகள் இவ்வேறுபாட்டிலிருந்தே எழுந்தன. சிலுவையில் நிறைவேறிய தீர்ப்பைப் பற்றிய பேச்சு அங்கு இல்லை. ஆதலால் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. ஆனால் பற்றும் செயலே ஒரு தகுதியாகிவிடும் என்ற அபாயத்தை அவர்கள் நம்மில் பலரைவிடக் கூர்மையாக உணர்ந்திருந்தனர்.

இறுதியாக ஒன்று. இக்கோட்பாடு தனிமனிதரின் மனச்சான்றை ஆற்றுவதற்கு மட்டும் தரப்பட்டதெனக் கொள்வது குறையுடையது. கிறிஸ்டர் ஸ்டெந்தால் 1963 இல் எழுதிய கட்டுரையும், 1977 இல் வெளிவந்த ஈ. பி. சாண்டர்சின் நூலும், அவற்றைத் தொடர்ந்த ஆய்வுகளும் இதனை நமக்கு வற்புறுத்தியுள்ளன. நோயாளியின் படுக்கையருகே அக்கோட்பாடு பேசக்கூடாது என்று அவர்கள் சொல்வதாகக் கொண்டால், நான் அவர்களோடு உடன்படேன். ஆனால் கலாத்தியர் நிருபத்தில் அது முதன்முதல் எழும் இடம் ஒரு பந்தி. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்டுவந்தார்; யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார்; பர்னபாவும் அவ்வழியே இழுக்கப்பட்டார் (2:11–13). பேதுரு விசுவாசத்தை மறுக்கவில்லை. கிறிஸ்துவை மறுக்கவில்லை. விசுவாசித்தவரோடு அமர்ந்து உண்பதற்கு வேறொரு தகுதியும் தேவை என்று சொல்லாமற் சொன்னார். அதைத்தான் பவுலடியார், நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடை என்று எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார்.

நம் சபைகளுக்கு அந்தியோகியா அயலூரன்று. திருவிருந்தில் ஒரு சாதியார் பெற்றபின்னரே மற்றொரு சாதியார் பெறும் வழக்கம் தமிழகத்துப் பழைய சபைகளில் இருந்தது. 1833 இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையில் பலர் பிரிந்து நின்றனர்; கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அவர்கள் பக்கம் நின்றார். அவர்களுள் எவரும் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதலை மறுத்தவர் அல்லர். லுத்தரன் ஞானோபதேசத்தில் வளர்ந்த அவர்கள் அதனை நம்மினும் நன்கு ஒப்புவிப்பார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அதே தகுதி கேட்கப்படும் சபைகளில் உரோமர் 4 ஆம் அதிகாரம் தடையின்றி வாசிக்கப்படுகிறது.

அந்தியோகியாவில் பவுலடியார் பேசிய பேச்சு எவ்வசனத்தில் முடிகிறது என்பதில் உரையாசிரியர்கள் ஒன்றுபடுவதில்லை. பேதுரு என்ன மறுமொழி கூறினார், அடுத்த வேளை உணவுக்கு எந்தப் பந்தியில் அமர்ந்தார் என்பவை எழுதப்படவில்லை. நிருபம் அவரை அங்கேயே விட்டுவிட்டு, 3:1 இல் அதனை வாசிப்பவர்களை நோக்கித் திரும்புகிறது.